கோலார் தங்க வயலும் ஒட்டுப்பலகைப் பாடமும்

கர்நாடக மாநிலம் கோலார் தங்க வயலில் சுரங்கப் பணி 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் முடிவுற்றது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் பொறுப்பில் தொடங்கிய நவீனச் சுரங்கத் தொழில், 1956-இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்து, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுக்கப்பட்டது என்பதும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது என்பதும், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இவ்வூருக்கே முதலில் வந்தது என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அந்தத் தங்கத்தை எடுத்த கைகளில் எத்தனை வகைத் தொழில் திறமை சேர்ந்திருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பாறை உடைப்போர் மட்டுமன்றி, ஃபிட்டர்களும் கொல்லர்களும் மின் பணியாளரும் தச்சர்களும் உருவாயினர். சுரங்கத்துள் மர முட்டுக் கொடுப்போர் என்றே ஒரு பிரிவினர் இருந்தனர். மேற்பாறையின் சுமை ஏறும்போது மரம் முதலில் நசுங்கும். நார் முறியும் ஓசை கேட்கும். அதன் பிறகே உடையும். அந்த ஓசை ஓர் எச்சரிக்கை. ஆழம் மிகுந்து பாறை வெடிப்பு அச்சம் பெருகியபோது மர முட்டுகளின் இடத்தைப் பல பகுதிகளில் கருங்கல் சுவர்கள் பெற்றன. இருப்பினும் மரத்தின் வலுவும் வலுவின்மையும் எங்கே இருக்கின்றன என்பதை உயிரைப் பணயம் வைத்து அறிந்த மக்கள் வாழ்ந்த ஊர் இது.

இன்று உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். 1964-இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கு இருப்பினும், ஊரின் இளைஞர் அனைவருக்கும் அதில் இடமில்லை. இந்நிலையில், தொழில் பயிலும் மாணவருக்கு எதைக் கற்பிப்பது என்ற வினா எழுகிறது. இயற்கையின் அமைப்புகளைப் பார்த்து ஒட்டுப்பலகையால் நாற்காலி, பெஞ்சு முதலியவற்றைத் தாமே வடிவமைத்துக் கூட்டாகச் செய்து பார்க்கும் மாணவர் தொழிற்கூடம் அதற்கு ஒரு விடையாக இருக்கக் கூடுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். மூடிய சுரங்கத்திற்கு ஈடாக மரச்சாமான் தொழிலை முன்வைப்பது இதன் நோக்கமன்று. அத்தகைய வாக்குறுதிகளை இவ்வூர் போதிய அளவு கேட்டிருக்கிறது.

மரம் எங்கிருந்து வரும்?

கோலார் மாவட்டத்தில் மரம் என்றாலே தைலமரம் எனப்படும் யூகலிப்டஸ்தான் கண்முன் நிற்கும். திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலையில் நடப்பட்டதாகக் கூறப்படும் இம்மரம், 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டங்களின் மூலம் கேழ்வரகு விளைந்த நிலங்களிலும் பரவியது. உணவுப்பயிர் குறைகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது என்ற குறைபாடுகள் அக்காலத்திலேயே எழுந்தன. 1983-இல் தும்கூர் மாவட்ட உழவர்கள் யூகலிப்டஸ் நாற்றுகளைப் பிடுங்கி எறிந்து, மாவும் புளியும் நட வேண்டுமென்று கோரினர். 2017-இல் கர்நாடக அரசு புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தது.

இவ்வளவு பூசலுக்கு உள்ளான மரம் கடைசியில் என்ன விலைக்குப் போகிறது? பெரும்பகுதி சாரக் கம்பாகவும் காகிதக் கூழாகவும் விறகாகவும் எடைக்கணக்கில் விற்கப்படுகிறது. நீரையும் நிலத்தையும் செலவிட்டு வளர்த்த பொருள், மதிப்பேற்றத்தின் முதற்படியிலேயே மாவட்டத்தை விட்டு வெளியேறுகிறது. வேரூன்றி நிற்கும் மரத்தை வெட்டி, அவ்விடத்தில் வேறு மரம் வைக்க விரும்பும் உழவருக்கும் நல்ல விலை கிடைத்தால்தான் அந்த மாற்றம் கைகூடும். மலைவேம்பு, சில்வர் ஓக் போன்றவை ஒட்டுப்பலகைக்கு ஏற்றவை. அவற்றை வரப்போரங்களில் வளர்க்கவும் இயலும்.

ஒட்டுப்பலகைத் தொழிலின் வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. இந்தியாவில் இத்தொழில் அஸ்ஸாமில் தேயிலைப் பெட்டிகளுக்காக வளர்ந்தது. காட்டு மரமே அதற்கு ஆதாரம். காட்டை நம்பிய தொழில்கள் தங்களுக்கு வேண்டிய மரத்தை உழவர்களோடு நேரடித் தொடர்பு கொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டுமென 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை கூறியது. 1996 டிசம்பர் 12-ஆம் நாள் கோதவர்மன் வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, வடகிழக்கு மாநிலங்களில் மரம் வெட்டுதலையும் அதனை நம்பிய ஆலைகளையும் பெருமளவில் நிறுத்தியது. அதன்பின் ஹரியானாவின் யமுனாநகர், வயலோரப் பாப்லரையும் யூகலிப்டஸையும் கொண்டு பெரும் ஒட்டுப்பலகை மையமாக ஓங்கியது. கேரளத்தின் பெரும்பாவூர் ரப்பர் மரத்தைக் கொண்டு அதே பாதையில் சென்றது. காடின்றியும் இத்தொழில் வாழும் என்பதற்கு இவ்விரு ஊர்களே சான்று. ஆனால் இரண்டும் பலகையைத்தான் பெருமளவில் விற்கின்றன. பலகையிலிருந்து நாற்காலி வரையுள்ள தூரத்தில்தான் கூலியும் மதிப்பும் மிகுதி. அத்தூரத்தைக் கடக்க வேண்டுவது வடிவமைப்பு அறிவு.

பலகைக்குள் இருக்கும் கணக்கு

கடைக்காரர் பிளைவுட் என்று எடுத்துத் தரும் பொருளைப் பயன்படுத்துவோர் பலர். அதன் உள்ளமைப்பைக் கருதுவோர் சிலரே. மரக்கட்டையைச் சுழலவிட்டு, கூர்மையான நீண்ட கத்தியால் காகிதச் சுருளை விரிப்பதுபோல மெல்லிய ஏடாக உரிக்கின்றனர். இவ்வேடே வெனீர். உலர்த்திய ஏடுகளில் பசை தடவி, ஓர் ஏட்டின் இழை நெடுக்காகவும் அடுத்ததன் இழை குறுக்காகவும் அமையும்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, சூட்டோடு அழுத்தினால் பலகை ஆகிறது. மெல்லிய கட்டையையும் உரிக்கக்கூடிய இயந்திரங்கள் இன்று உள்ளமையால், சில ஆண்டுகளே வளர்ந்த வயலோர மரமும் இதற்குப் பயன்படுகிறது.

குறுக்கும் நெடுக்குமாக ஏன் அடுக்க வேண்டும்? பச்சை மரம் உலரும்போது இழையின் நெடுக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆனால் வளையத்தின் போக்கில் பொதுவாக 6 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். அடுத்தடுத்த ஏடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் ஒட்டுப்பலகை நீள அகலங்களில் அவ்வாறு சுருங்குவதில்லை. ஒற்றைப்படை எண்ணிக்கை இல்லாவிடின் நடுவின் இருபுறமும் இழுவிசை சமமாகாது; பலகை முறுக்கிக்கொள்ளும்.

மாணவர் கவனிக்க வேண்டிய மற்றொரு கணக்கும் உண்டு. சம கனமுள்ள மூன்று ஏடுகளால் ஆன பலகையை எடுத்துக்கொள்வோம். வளைவை எதிர்க்கும் வலு நடுவிலிருந்து விலகியுள்ள பகுதிகளிலேயே குவிந்திருப்பதால், அவ்வலுவின் 27 பங்கில் 26 பங்கை வெளி ஏடுகள் இரண்டும் தாங்குகின்றன. நடு ஏட்டிற்கு ஒரே பங்கு. ஆகவே மேல் ஏட்டின் இழை ஓடும் திசையில் வெட்டிய துண்டு விறைப்பாக நிற்கும். அதே பலகையில் குறுக்காக வெட்டிய துண்டு எளிதில் வளையும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழப் பத்து மடங்கு. காலுக்கு ஒரு திசை, சாய்மானத்திற்கு மற்றொரு திசை என்று தேர்ந்து வெட்டுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. அது தெரியாமல் வெட்டினால் பலகை முழுவதும் வீண்.

பலகையின் தரத்தை முத்திரை பார்த்து வாங்க வேண்டும். பொதுப் பயன்பாட்டிற்கு இந்தியத் தர நிர்ணயம் 303. நீரில் நிற்க வேண்டியவற்றிற்கு 710. மலிவுப் பலகையின் நடு ஏடுகளில் இடைவெளிகள் இருக்கும். வெட்டிய விளிம்பைப் பார்த்தவுடன் அது தெரிந்துவிடும். சில பசைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிப்படுவதாலும், அறுக்கும்போது தூசு எழுவதாலும் காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம்.

இயற்கையிடம் கற்பது எதை?

இயற்கையைப் பார்த்து நாற்காலி செய்க என்று மாணவரிடம் கூறினால், முதல் நாளில் வருவன பெரும்பாலும் அரசிலை வடிவ மேசையும் மயில் சாய்மானமும் தாமரை முக்காலியுமாகவே இருக்கும். இது இயற்கையின் உருவத்தை மட்டும் பலகையில் வரைவது. பொருளாதார நோக்கில் இதற்குள்ள குறையை எளிதில் கணக்கிடலாம். சதுரத்திலிருந்து அதற்குள் அடங்கும் முழு வட்டத்தை வெட்டினால் 78.5 சதவீதமே பயனாகும்; 21.5 சதவீதம் கழிவு. கூர்முனையும் நெளிவும் உடைய இலை வடிவில் கழிவு இன்னும் கூடும். தலைமாற்றி அடுக்கி வரைந்தால் ஓரளவு மீட்கலாம். எனினும், அவ்வடிவம் மேசைக்கு எந்த வலுவையும் தரவில்லை என்ற குறை அப்படியே நிற்கிறது.

கற்க வேண்டியது உருவத்தை அன்று, அமைப்பை. பனையோலை காகிதத்தைப்போல் மெல்லியது. இருப்பினும் காற்றில் துவளாமல் விரிந்து நிற்கிறது. அதன் காரணம் விசிறி மடிப்பு. மடிப்பின் உயரம் ஓலையின் கனத்தைவிடப் பன்மடங்காக இருப்பதால் அந்த உயரமே வலுவாகிறது. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரு மெல்லிய தோல்களும் அவற்றிடையே காற்றறைகளும் தெரியும். பொருள் குறைவு, தாங்கும் ஆற்றல் மிகுதி. இதையே பலகையில் செய்து பார்க்கலாம். 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகைக்குப் பதிலாக, 4 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை 24 மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய குறுக்குச் சட்டங்களால் இணைத்து ஒட்டினால், ஒட்டு முழுமையாக இருக்குமாயின் வளைவை எதிர்க்கும் விறைப்பு கணக்களவில் 37 மடங்காகிறது. செலவான பலகை ஏறத்தாழ அதே அளவுதான். சட்டங்களுக்கான துண்டுகள் மட்டும் கூடுதல். நடைமுறையில் 37 என்பது குறையும். எவ்வளவு குறைகிறது, ஏன் குறைகிறது என்று அளந்து பார்ப்பதே மாணவருக்கு நல்ல ஆய்வு.

இலவ மரத்தின் அடியில் பலகைபோல் விரியும் முட்டு வேர்களைக் கண்டிராதவர் இல்லை. பெருமரத்தின் சாய்வை அவை எதிர்க்கின்றன. நாற்காலியில் முதலில் தளர்வதும் பின்காலும் இருக்கையும் சேரும் இடமே; அமர்ந்தவர் பின்னே சாயும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டு நெம்பப்படுகிறது. அவ்விடத்தில் முட்டு வேரைப்போல் விரிந்த ஒரு முக்கோணத் துண்டு, கழுந்தின் மீது விழும் பளுவைப் பரப்பிவிடும். கிளை பிரியும் கவட்டையில் மரம் ஒருபோதும் கூரிய மூலையை விடுவதில்லை என்பதையும் கவனிக்கலாம். பளு மிகும் இடத்தில் மரம் கூடுதலாக வளர்ந்து வளைவை நிரப்பிக்கொள்கிறது என்பதை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கிளாஸ் மாத்தெக் விரிவாக ஆராய்ந்து, அதைக் கொண்டு இயந்திர உறுப்புகளின் வடிவைத் திருத்தும் முறையையும் வகுத்தார். பலகையில் உள்மூலையை மட்டமாக வெட்டாமல் வளைவாக வெட்டினால் விரிசல் அங்கே தொடங்குவது குறையும். தச்சர்கள் சிலர் இதனைப் பழக்கத்தால் செய்கின்றனர். ஏன் செய்கிறோம் என்று கேட்டால், அப்படித்தான் செய்வது என்பர். அந்தப் பழக்கத்தின் பின்னுள்ள காரணத்தை மாணவர் கண்டறிவது தச்சருக்கும் மாணவருக்கும் ஒருங்கே பயன் தரும்.

உலகப் புகழ்பெற்ற ஒட்டுப்பலகை நாற்காலிகளிலும் இவ்வேறுபாடு புலப்படும். டென்மார்க்கின் ஆர்னே யாகோப்சன் 1952-இல் வடித்த நாற்காலிக்கு எறும்பு என்று பெயர். ஜப்பானின் சோரி யானகி 1954-இல் செய்த முக்காலிக்கு வண்ணத்துப்பூச்சி என்று பெயர். பெயர்கள் உருவத்தால் வந்தவை. எறும்பின் ஒடுங்கிய இடை அழகுக்கு மட்டும் அமைந்ததன்று. தட்டையான பலகையை ஒரு திசையில் வளைப்பது எளிது. ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைத்தால் ஏடு சுருக்கம் விழும், அல்லது பிளக்கும். அவ்விடத்தில் பலகையைக் குறைத்துவிட்டால் வளைவு இணங்கும். அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும் 1940-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் போட்டிக்காக ஒரே ஓடாக வளைத்த இருக்கை இவ்விதமே விரிசல் கண்டு, மெத்தையால் மூட வேண்டியதாயிற்று. பின்னர் ஈம்ஸும் அவர் மனைவி ரேயும், 1942 முதல் கடற்படைக்காக ஒட்டுப்பலகைக் கால் அணைகளைச் செய்தபோது, எங்கே துளையிட்டால் பலகை கீழ்ப்படியும் என்பதைக் கற்றனர். போருக்குப் பின் வந்த நாற்காலியில் இருக்கையும் சாய்மானமும் இரு தனித் துண்டுகளாயின. தோல்வி எங்கே நிகழ்ந்ததோ அங்கேயே வடிவம் பிறந்தது எனலாம். இதே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் 1958-இல் அளித்த அறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. அவ்வறிக்கையில் அவர்கள் போற்றியது எந்த நாற்காலியையும் அன்று. நம் வீடுகளில் உள்ள சாதாரணச் செம்பை.

முட்டமும் ஸ்டுட்கார்ட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில், வள்ளம் கட்டுவதற்கு வேண்டிய பெருமரங்கள் அரிதாகி விலையேறியபோது, 1980-களின் தொடக்கத்தில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டும் பணி தொடங்கிற்று. கடல்தரப் பலகைகளை வெட்டி, விளிம்புகளில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, பின் கண்ணாடி இழையும் பிசினும் இட்டு மூட்டுகளை உறுதிப்படுத்தும் முறை அது. மேல்நாட்டுத் தொழில்நுட்பமாக வந்ததெனினும், மேற்குக் கரை மீனவருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது. பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்து வள்ளம் கட்டுவது அவர்களின் பழைய முறையே. கயிற்றின் இடத்தில் செம்புக் கம்பி வந்தது. தட்டையான பலகை, விளிம்பு விளிம்போடு தைக்கப்பட்டவுடன் வளைந்து மேனி கொள்கிறது. அச்சும் வேண்டியதில்லை, அழுத்து இயந்திரமும் வேண்டியதில்லை. சிறு கருவிகளே உள்ள ஒரு தொழிற்கூடத்திற்கு இதைவிட ஏற்ற பாடம் கிடைப்பது அரிது. தைத்து ஒட்டும் இம்முறையில் மாணவர் ஒரு நாற்காலி ஓட்டை இரண்டொரு நாளில் உருவாக்க இயலும்.

மாணவர் கூட்டு முயற்சிக்கு வெளிநாட்டில் நல்ல சான்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம். அங்கு 2011-இல் மாணவரும் ஆய்வாளரும் சேர்ந்து 6.5 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் ஒரு மண்டபம் எழுப்பினர். கடல் முள்ளெலி இனத்து உயிரி ஒன்றின் ஓடே அதற்கு ஆசான். அவ்வோட்டின் தட்டுகள் ஓரங்களில் விரல்போன்ற நீட்சிகளால் கோத்துக்கொள்கின்றன. எந்த ஒரு புள்ளியிலும் மூன்று தட்டுகளுக்கு மேல் சந்திப்பதில்லை. அதனால் மூட்டுகள் வளைவுப் பளுவைச் சுமக்க வேண்டியதில்லை. தள்ளும் விசையையும் நழுவும் விசையையும் தாங்கினால் போதும். பசைகொண்டு விளிம்பில் ஒட்டிய மெல்லிய பலகை இவ்விரண்டையும் நன்கு தாங்கும், நெம்பினால்தான் விட்டுப்போகும். உயிரியின் அமைப்பும் பொருளின் இயல்பும் இங்கே பொருந்தின.

ஸ்டுட்கார்ட்டை அப்படியே பின்பற்ற இயலாது என்பதும் தெளிவு. அம்மண்டபத்தில் 850-க்கும் மேற்பட்ட உறுப்புகள். ஒன்று மற்றொன்றைப்போல் இல்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் விரல் மூட்டுகளையும் எந்திரக் கையே கடைந்தது. கைரம்பமும் துளைக்கருவியும் உள்ள இடத்தில் இதற்கு எதிர்வழியே சிறந்தது. ஒரே உறுப்பை மாதிரித் தகடு வைத்துப் பலமுறை வெட்டி, அவற்றைச் சேர்க்கும் விதத்தால் வடிவத்தை மாற்ற வேண்டும். தேன்கூட்டில் அறை ஒன்றே. அதன் எண்ணிக்கைதான் கூடுகிறது.

தொழிற்கூடம் நடைபெறும் முறை

கோலார் தங்க வயலில் இதற்கென்று புதிய கட்டடம் வேண்டுவதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் உரிகத்துப் பொறியியல் கல்லூரியிலும் உள்ளவை போன்ற பணிமனைகளே போதும். ஐந்து அல்லது ஆறு மாணவர் கொண்ட குழு, குழுவிற்கு ஒரு முழுப் பலகை, மூன்று வாரம். குழுவில் தச்சுப் பிரிவு மாணவரோடு ஃபிட்டர் பிரிவினரும் பொறியியல் மாணவரும் கலந்திருத்தல் நலம். ஊரின் தச்சர் ஒருவர் பயிற்றுநராக, உரிய ஊதியத்துடன் அமர்த்தப்பட வேண்டும். அவரை உதவியாளர் என்று பதிவேட்டில் எழுதி நாட்கூலி கொடுப்பது தொழிற்கூடத்தின் நோக்கத்தையே கெடுக்கும்.

முதல் நான்கு நாட்கள் பலகையைத் தொட வேண்டியதில்லை. பனை மட்டை, வாழை மட்டை, மூங்கில் கணு, முருங்கைக்காய், நத்தை ஓடு என்று கிடைத்தவற்றை வெட்டியும் வளைத்தும் உடைத்தும் பார்த்து, எது எதனால் தாங்குகிறது என்று குறிப்பெழுத வேண்டும். பின்னர் அட்டையில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் மாதிரிகள். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி செய்து, மணல் பையைச் சுமத்தி, முதலில் எங்கே மடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இங்குதான் கூட்டுப்பணியின் கடினம் தொடங்குகிறது. ஆறு மாதிரிகளில் ஒன்றே பலகையாக முடியும். வாக்கெடுப்பால் தேர்ந்தால் வாய்வல்லாரின் மாதிரி வெல்லும். ஆசிரியர் தேர்ந்தால் மற்ற ஐவரும் கைகட்டி நிற்பர். மணல் பையின் எடையும், செலவாகும் பலகையின் அளவும் தேர்ந்துவிட்டால் எவருக்கும் மனக்குறை இராது. தோற்ற மாதிரியின் மூட்டு நன்றாயிருந்தால், வென்ற மாதிரி அதை ஏற்றுக்கொள்ளலாம். பெரும்பாலும் அப்படித்தான் நிகழவும் வேண்டும்.

வெட்டுவதற்கு முன் வெட்டுப்படம் வரைவது இன்றியமையாதது. எட்டடிக்கு நாலடிப் பலகை 2440-க்கு 1220 மில்லிமீட்டர். ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர். 12 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 23 கிலோவும், 18 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 35 கிலோவும் நிறுக்கும். உறுப்புகளைக் காகிதத்தில் வெட்டிப் பலகைப் படத்தின் மீது நகர்த்தி நகர்த்தி அடுக்கி, இழைத் திசை மாறாமல் கழிவைக் குறைக்க வேண்டும். ரம்பத்தின் வாய் தின்னும் மூன்று மில்லிமீட்டரை மறந்த வெட்டுப்படங்கள் கடைசி உறுப்பில் இடிக்கும். இறுதியில் மிஞ்சிய துண்டுகளை நிறுத்து, மொத்த எடையில் அது எத்தனை சதவீதம் என்று எழுதுவது அழகு பற்றிய பல வாதங்களை அடக்கிவிடும்.

வளைத்து ஒட்டும் குழுவினர் மற்றொன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். மெல்லேடுகளைப் பசையிட்டு அச்சில் இறுக்கி, காய்ந்தபின் எடுத்தால் வளைவு சிறிது விரிந்துகொடுக்கும். ஏடுகளின் எண்ணிக்கை கூடக்கூட இவ்விரிவு குறையும். எவ்வளவு விரிகிறது என்று முதல் துண்டில் அளந்து, அச்சை அதற்கேற்பக் கூடுதலாக வளைத்துக்கொள்வதுதான் வழி. முதல் துண்டு வீணாகும் என்பதைச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். அதற்கு இடம் தராத நிதி ஒதுக்கீடு, மாணவரைப் பழைய வடிவத்தையே திரும்பச் செய்யும்படி மறைமுகமாக ஆணையிடுவதாகும்.

கொள்முதல் விதியும் பள்ளிப் பெஞ்சும்

செய்த பொருளை வாங்குவது யார்? நகர்ப்புற வீடுகளின் விருப்பத்தை நம்பி ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்க இயலாது. அரசே பெரும் கொள்முதலாளர். அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பெஞ்சும் மேசையும் அலமாரியும் தேவைப்படுகின்றன. எனினும் ஒப்பந்தப் புள்ளிகளில் பொதுவாகக் காணப்படுவது பொருளின் பெயரும் கனமுமே: இத்தனை மில்லிமீட்டர் பலகை, இத்தனை அங்குலக் குழாய். இவ்விதியின் கீழ் வாழை மட்டையைப் பார்த்துச் செய்த பெஞ்சு, 37 மடங்கு விறைப்பாயினும், கனம் குறைவு என்று முதல் பரிசோதனையிலேயே தள்ளப்படும். கனத்த பலகையைப் போட்டு மோசமான மூட்டு வைத்தவர் தேறிவிடுவார். மாற்ற வேண்டியது ஒரு வரிதான்: பெஞ்சு இவ்வளவு எடையைத் தாங்க வேண்டும், இத்தனை முறை சாய்த்தாலும் மூட்டு தளரக் கூடாது, இரு குழந்தைகள் தூக்கி நகர்த்தும் எடைக்கு மேற்படக் கூடாது. பயனைச் சொல்லிப் பொருளை விட்டுவிடும் இத்தகைய விவர வரையறை, சோதனை செய்யும் பொறுப்பை அலுவலர் மீது சுமத்துகிறது. அதனாலேயே இது பரவலாக விரும்பப்படாதிருக்கக் கூடும். சோதனைக்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. தொழிற்கூடத்தின் மணல் பைகளும் ஒரு தராசும் போதுமானவை. அளவெடுத்துக் கையொப்பமிட ஒருவர் வேண்டும்.

ஆகவே முதல் ஆண்டுத் தொழிற்கூடத்தின் பொருளாகத் தொடக்கப்பள்ளிப் பெஞ்சையே வைத்துக்கொள்வது பொருத்தம். மூன்று வாரத்தில் நான்கு குழுக்கள் நான்கு பெஞ்சுகள் செய்யும். அவற்றைக் கண்காட்சியில் வைக்காமல், அண்மையிலுள்ள பள்ளி வகுப்பறைகளில் ஜூன் மாதம் போட்டு, மழைக்காலம் கடந்து டிசம்பர் வரை விட்டுவைக்க வேண்டும். இருக்கையின் அடிப்புறத்தில் பலகையின் தரம், பசையின் வகை, செய்த நாள், மொத்த எடை, கழிவுச் சதவீதம் ஆகியவற்றை எழுதி, அதற்குக் கீழே மாதந்தோறும் மூட்டின் இடைவெளியை அளந்து குறிக்கலாம். அடுத்த ஆண்டு வரும் குழுவினருக்கு முதல் நாள் வேலை, அந்த நான்கு பெஞ்சுகளையும் தலைகீழாகக் கவிழ்த்து, எழுதியிருப்பதைப் படித்து, எது எந்த மாதத்தில் தளர்ந்தது என்று தமது குறிப்பேட்டில் பதிவது.